வாசகர் கேள்வி பதில்: கடலோர விடுதியில் முதலில் கிணற்றை விசாரியுங்கள்

கேள்வி: ஒகஸ்ட் விடுமுறையில் எழுபது வயது கடந்த அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் கடற்கரையில் ஆறுதலாக இருந்துவிட்டு வர எண்ணுகிறோம். ஹிக்கடுவைப் பக்கம் போகலாமா? பல இடங்கள் தம்மைச் ‘சூழல்நேய விடுதி’ என்று விளம்பரப்படுத்துகின்றன. எதை நம்புவது?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஹிக்கடுவையை டிசம்பருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றினால் மேற்குக் கரையில் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதை வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகிறது. மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் என்று பெயர் (கொறிக்கும் கச்சான் கடலை அன்று). பகலில் வெயில் கடுமையாகத்தான் இருக்கும். ஆயினும் அந்த மாதங்களில் அங்கே கடல் அமைதியாக இருக்கும்.

அம்மாவும் பிள்ளைகளும் வருவதால் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவையே சொல்வேன். குடாவின் ஆழம் குறைவு. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தே போகலாம். அதே கரையிலுள்ள அறுகம்பை அலைச்சறுக்கு விளையாடுவோருக்கான இடம். கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு செல்லும் புகையிரதத்தில் வந்து கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ இறங்கலாம். நேரசூசியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வந்தபின் ஒரே இடத்தில் தங்குங்கள். ஒரு வாரத்துக்குள் திருகோணமலையையும் சேர்த்துவிட ஆசைப்பட்டால் அம்மாவுக்கு ஓய்வு என்பது வாகனத்தின் பின் இருக்கையில்தான் கிடைக்கும்.

இனி விடுதிக்கு வருவோம். ஓலைக் கூரையும் மூங்கில் கட்டிலும் எதற்கும் சான்றல்ல. கிழக்குக் கரையின் மணல் நிலத்தில் ஊறிய மழைநீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. அப்பகுதிக்கு மழையின் பெரும்பகுதியைத் தருவது ஆண்டின் கடைசி மாதங்களில் தொடங்கும் பருவம் என்பதால், ஒகஸ்டில் அந்தப் படை மெலிந்திருக்கும். அப்போது ஒரு விடுதி மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறி, தன் கிணற்றோடு அயல் வீட்டுக் கிணறுகளையும் கெடுத்துவிடும். ஆகவே அறையின் படத்தைக் கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நீச்சல் தடாகம் உண்டா, கழிவுநீர்க் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது, வெற்றுப் போத்தல்கள் எங்கே போகின்றன என்று தொலைபேசியில் கேளுங்கள். பதில் தெரிந்தவர் உடனே சொல்வார். “எல்லாம் இயற்கை முறைதான்” என்று மழுப்புகிறவரிடம் முற்பணம் கட்டாதீர்கள். குளிரூட்டி இல்லாத அறை என்றால், காற்று இரு பக்கமும் ஊடறுத்துப் போகும்படி சன்னல்கள் உள்ளனவா என்பதையும் அம்மாவுக்காகக் கேட்டுவிடுங்கள்.

மிதிபட்ட பவளம் முறிந்துவிடும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கடலில் இறங்குமுன் சொல்லிவையுங்கள்.

கேள்வி: அதே ஒகஸ்டில் மாலைதீவுக்குப் போனால் என்ன? விமானப் பயணம் குறுகியதுதானே?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கொழும்பிலிருந்து மாலேக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் தென்மேல் பருவக்காற்று அங்கும் வீசும். மழையும் அலையும் சேர்ந்தால் படகுப் பயணம் வயிற்றைப் புரட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலமே நல்லது. ஏறத்தாழ 1,200 தீவுகளில் சுமார் 200 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். 2009 இன் பின்னர் அத்தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த இடமளிக்கப்பட்டதால், தனித்தீவு விடுதிகளின் கட்டணத்துக்கு அஞ்சுவோருக்கும் இப்போது வழி உண்டு. மக்கள் வாழும் அத்தீவுகளில் மதுபானம் கிடையாது. உடையிலும் அடக்கம் வேண்டும். வெளிநாட்டவரிடம் ஒவ்வோர் இரவுக்கும் பசுமை வரி அறவிடப்படுவதால் அதையும் கணக்கில் சேருங்கள். மேலே சொன்ன தண்ணீர்க் கேள்வி அங்கே இன்னும் கூர்மையானது: குழாயில் வருவது பெரும்பாலும் டீசல் எரித்து உப்பகற்றப்பட்ட கடல்நீர். அந்த வேலைக்குச் சூரியசக்தியைப் பயன்படுத்தும் இல்லம் கிடைத்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் நான் அதையே எடுப்பேன்.