லாக்கைப் பிடித்திருப்பது யார்? ரீஸ்டார்ட் பொத்தானுக்கு முன்னால் ஒரு கட்டளை

கேள்வி: சார், கீழமாரட் வீதியில் எங்களுக்குப் பலசரக்கு மொத்த வியாபாரம். உபுண்டு போட்ட ஒரே மெஷினில் பில்லிங் புரோகிராம் ஓடுகிறது, தரவெல்லாம் ஒரே எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. கவுன்ட்டரில் உள்ளவர்கள் பிரவுசர் வழியாக பில் போடுவார்கள். ஆடிட்டருக்கு விற்பனைப் பட்டியல் எடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தனியாக உண்டு. அது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் நேராக அடிக்கும். திடீர் திடீரென்று 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று வந்து பில் நின்றுவிடுகிறது. சில நேரம் பழைய பில்லைத் தேடிப் பார்க்கக்கூட முடிவதில்லை. மாதம் பத்தாம் தேதி வாக்கில் இது அதிகம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் லோடு ஏற்றிவிட்டு பில்லுக்காக நிற்பார்கள், நான் மெஷினை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பேன். எந்த புராசஸ் (ஓடுகிற புரோகிராம்) எந்த ஃபைலில் லாக், அதாவது பூட்டு, போட்டிருக்கிறது என்று காட்டும் எல்எஸ்லாக்ஸ் கட்டளை போட்டுப் பார்த்தேன். மூன்று வரி வந்தது, ஆனால் 'பிளாக்கர்' பத்தி காலி. அப்படியென்றால் யாரும் தடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தடுக்கிற ஆள் இருக்கிறார். நீங்கள் அனுப்பிய மூன்று வரிக்குள்ளேயே இருக்கிறார். பிளாக்கர் பத்தி காலியாக இருப்பது எஸ்கியூலைட்டின் குணத்தால். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஒவ்வொரு கட்டளையின் பெயரையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், பெயருக்குள் இடம் விடாமல் தட்டுங்கள். எல்எஸ்லாக்ஸ் கட்டளைக்கு முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சூடோ சேர்க்க மறக்க வேண்டாம். சாதாரணப் பயனராக ஓட்டினால் மற்றவர்களின் புராசஸ் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. பாதைப் பத்தியில் டிஸ்க் மவுன்ட் ஆன (இணைக்கப்பட்ட) இடத்தின் பெயரும் மூன்று புள்ளியும் மட்டும் வந்து நிற்கும். பாதை பாதியில் வெட்டுப்பட்டால் ஒரு சிறு கோடும் யு எழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுதாக வரும்.

இந்தக் கட்டளை தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன்னிடமுள்ள லாக் பட்டியலை ப்ராக் அடைவுக்குள் லாக்ஸ் என்ற ஃபைலாகக் காட்டுகிறது. அதில் ஃபைல் பெயர் இருக்காது. டிவைஸ் எண்ணும், ஃபைலின் உள் அடையாளமான ஐநோடு எண்ணும்தான். அதை மனிதர் படிக்கிற மாதிரி பெயரும் பாதையுமாக மாற்றித் தருவதுதான் எல்எஸ்லாக்ஸ் செய்கிற வேலை.

சரி, உங்கள் வரிகளுக்கு வருவோம். மூன்றும் ஒரே டேட்டாபேஸ் ஃபைலைப் பற்றியவை, மூன்றும் போசிக்ஸ் வகை, அதாவது புராசஸுக்குச் சொந்தமான லாக்.

முதல் வரி: பில்லிங் புரோகிராம், புராசஸ் எண் 1893, ரைட் லாக் (எழுதுவதற்கானது), தொடக்கம் 1073741824, முடிவு 1073741825. இரண்டாவது வரியும் அதே 1893. ஆனால் ரீட் லாக் (படிப்பதற்கானது), 1073741826 முதல் 1073742335 வரை. மூன்றாவது வரி: பைத்தான், புராசஸ் எண் 4127, ரீட் லாக், அதே 1073741826 முதல் 1073742335 வரை.

இந்தப் பெரிய எண்களைக் கண்டு, ஃபைல் பாழாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் ஃபைல் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எஸ்கியூலைட் தன் லாக்குகளை எப்போதும் ஒரு ஜிபி தாண்டிய இடத்தில், சில குறிப்பிட்ட பைட்டுகளின் மேல் போடும். அந்த பைட்டுகளில் தரவு எழுதாது. 1073741824 என்பது சரியாக ஒரு ஜிபி. அந்த பைட்டுக்குப் பெண்டிங் என்று பெயர். அடுத்த பைட் ரிசர்வ்டு. அதற்கடுத்த 510 பைட்டுகள் ஷேர்டு. படிக்க வருகிறவர் ஷேர்டு பகுதியில் ரீட் லாக் போடுவார். எத்தனை பேர் வேண்டுமானாலும் போடலாம். எழுத வருகிறவர் முதலில் ரிசர்வ்டு பைட்டில் ரைட் லாக் போடுவார். கடைசியில் ஃபைலில் கை வைக்கிற நேரத்தில் பெண்டிங்கையும் பிடித்து, பிறகு ஷேர்டு பகுதி முழுவதையும் ரைட் லாக்காக மாற்றக் கேட்பார். அதற்குள் படிக்கிறவர் எல்லோரும் வெளியேறியிருக்க வேண்டும்.

இப்போது வரிகளைத் திரும்பப் பாருங்கள். பில்லிங் புரோகிராம் பெண்டிங், ரிசர்வ்டு இரண்டையும் பிடித்துவிட்டது. அடுத்தடுத்த பைட், ஒரே புராசஸ், ஒரே வகை லாக் என்பதால் கெர்னல் இரண்டையும் ஒரே வரியாக ஒட்டிக் காட்டுகிறது. அதாவது பில் தயார், எழுதுவதுதான் பாக்கி. அதைத் தவிர ஷேர்டு பகுதியில் இன்னும் உட்கார்ந்திருப்பவர் 4127, உங்கள் ஆடிட்டர் ஸ்கிரிப்ட். அவர் எழுந்தால்தான் பில் இறங்கும்.

பழைய பில்லைப் பார்க்கக்கூட முடியவில்லை என்றீர்களே, அதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பெண்டிங் லாக் விழுந்த பிறகு புதிதாகப் படிக்க வருகிறவர்களை எஸ்கியூலைட் உள்ளே விடாது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்கள் முடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இப்படிச் செய்யாவிட்டால், படிக்கிறவர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்க, எழுதுகிறவருக்கு முறையே வராது.

அப்படியானால் பிளாக்கர் பத்தியில் 4127 என்று வந்திருக்க வேண்டாமா? வராது. ஒரு புராசஸ் கெர்னலிடம் 'லாக் கிடைக்கும்வரை காத்திருக்கிறேன்' என்று சொல்லிக் காத்திருந்தால்தான், அதன் வரியில் ரைட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், பிளாக்கர் பத்தியில் தடுப்பவர் எண்ணும் வரும். எஸ்கியூலைட் அப்படி வரிசையில் நிற்பதில்லை. 'அண்ணே, சரக்கு வந்துருச்சா?' என்று எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து கேட்கிற ஆள் மாதிரி அது. கேட்டது, மறுக்கப்பட்டது, போய்விட்டது. கெர்னலின் பட்டியலில் அதற்குத் தடயம் இருக்காது. அதனால் எஸ்கியூலைட் விஷயத்தில் பிளாக்கர் பத்தியை நம்பிப் பயனில்லை. தொடக்கம், முடிவு எண்களைப் படிக்க வேண்டும். நட்சத்திரமும் பிளாக்கரும் காத்திருக்கத் தெரிந்த மற்ற புரோகிராம்களுக்கு நன்றாகவே உதவும்.

மாதம் பத்தாம் தேதி என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கையைத் தாக்கல் செய்கிறவர்களுக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கெடு. அதற்கு முதல் நாள்தான் ஆடிட்டர் பட்டியல் கேட்பார், நீங்களும் காலையிலேயே ஸ்கிரிப்டைத் தட்டிவிடுவீர்கள். ஸ்கிரிப்ட் டேட்டாபேஸிலிருந்து ஒரு வரி எடுக்கும், பிரிண்டருக்கு அனுப்பும், அடுத்த வரி எடுக்கும். கடைசி வரி வரை ரீட் லாக் அதன் கையில்தான். நடுவில் பேப்பர் தீர்ந்தாலோ சிக்கிக்கொண்டாலோ பிரிண்டருக்கு அனுப்பிய இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நீங்கள் போய் பேப்பர் மாட்டும்வரை லாக்கும் நிற்கும்.

இதை ஊகமாக விட வேண்டாம். அடுத்த முறை நிற்கும்போது ப்ராக் அடைவுக்குள் 4127 என்ற அடைவு இருக்கும் (அன்றைக்கு வேறு எண்ணாக இருக்கும்), அதற்குள் எஃப்டி என்ற அடைவு. அதை எல்எஸ் கோடு எல் என்று பட்டியலிட்டால் அந்த புராசஸ் திறந்து வைத்திருப்பதெல்லாம் வரும். அதில் டேட்டாபேஸ் ஃபைலும் பிரிண்டர் டிவைஸும் அருகருகே இருந்தால் விஷயம் உறுதி. எத்தனை நேரமாக ஓடுகிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று பிஎஸ் கட்டளையில் பாருங்கள். நிலைப் பத்தியில் பெரிய டி எழுத்து, ஆங்கில டைகரின் முதலெழுத்து, வந்தால் யாரோ டெர்மினலில் கன்ட்ரோல் இசட் அழுத்தி அதை உறங்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். உறங்குகிற புராசஸும் லாக்கை விடாது.

அந்த நேரத்தில் என்ன செய்வது? முதலில் பேப்பர் மாட்டிப் பாருங்கள், அதுவே போதும். இல்லையென்றால் கில் கட்டளையோடு அந்த ஒரு எண்ணை மட்டும் கொடுங்கள். வேறு எண் எதுவும் சேர்க்க வேண்டாம். சாதாரண கில் முதலில் போதும், கோடு 9 அதற்கும் மசியாதபோதுதான். ரீஸ்டார்ட் செய்தபோது சரியானதற்கும் காரணம் இதுதான்: புராசஸ் செத்தால் அதன் போசிக்ஸ் லாக்குகளை கெர்னல் விடுவித்துவிடும். ஒருவரை எழுப்ப வேண்டிய இடத்தில் நீங்கள் வீதியையே காலி செய்துகொண்டிருந்தீர்கள். படிக்க மட்டும் செய்த ஸ்கிரிப்டை நிறுத்துவதால் டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகாது.

எண்ணைக் கண்டுபிடிக்க சிலர் ஃபியூசர் கட்டளையைச் சொல்லியிருப்பார்கள். நல்ல கட்டளைதான், கோடு வி போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் அதைத் திறந்து வைத்திருக்கும் எல்லோரையும் காட்டும். ஆனால் அதிலேயே கோடு கே சேர்த்தால், திறந்து வைத்திருக்கும் அத்தனை பேரையும் கேள்வி கேட்காமல் கொன்றுவிடும், அதுவும் கோடு 9 தரத்தில். உங்கள் பில்லிங் புரோகிராமும் அதில் அடக்கம். கடை நேரத்தில் அந்த கே பக்கமே போகாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு ஸ்கிரிப்டில் இருக்கிறது. எழுதியவரிடம், எல்லா வரிகளையும் முதலில் மெமரிக்கு எடுத்து, டேட்டாபேஸ் இணைப்பை மூடிவிட்டு, அப்புறம் பிரிண்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாத விற்பனைப் பட்டியல் இன்றைய மெமரிக்கு ஒரு பொருட்டே இல்லை. இது ஒன்றே உங்கள் தொல்லையைத் தீர்த்துவிடும் என்பது என் கணிப்பு.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஜர்னல் மோடை, அதாவது எஸ்கியூலைட் மாற்றங்களைக் குறித்து வைக்கும் முறையை, வால் (டபிள்யூஏஎல்) என்று மாற்றலாம். ஒரு முறை மாற்றினால் அந்த ஃபைலில் அப்படியே நிலைத்திருக்கும். அதில் படிக்கிறவர் எழுதுகிறவரைத் தடுக்க மாட்டார். இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். படிக்கிறவர் நாள் முழுக்க நின்றால் வால் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும், ஆகவே ஸ்கிரிப்டைத் திருத்தாமல் தப்பிக்க முடியாது. இன்னொன்று, எல்எஸ்லாக்ஸில் காட்சி மாறிவிடும்: எழுதுவதற்கான லாக் டேட்டாபேஸ் ஃபைலில் தெரியாது, பக்கத்தில் உருவாகும் எஸ்ஹெச்எம் ஃபைலில் 120ஆவது பைட்டில் தெரியும். டேட்டாபேஸ் ஃபைலின் மேல் ரீட் லாக் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து யாரையும் கொல்ல வேண்டாம்.

பில்லிங் புரோகிராமில் பிசி டைம்அவுட், அதாவது லாக் கிடைக்காதபோது எவ்வளவு நேரம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் என்ற அளவு, எவ்வளவு என்றும் கேட்டு வையுங்கள். சுழியாக இருந்தால் ஒரு முறை மறுத்ததுமே பிழை காட்டிவிடும். 5000 மில்லி செகண்ட் கொடுத்தால் சின்னச் சின்ன மோதல்கள் கவுன்ட்டருக்குத் தெரியாமலே கடந்துபோகும். பேப்பர் சிக்கிய பிரிண்டருக்கு அது மருந்தல்ல.

சில நொடிகளே நின்று போகும் லாக்கைப் பிடிக்க வாட்ச் கோடு என் 1 என்பதற்குப் பின்னால் எல்எஸ்லாக்ஸைச் சேர்த்து ஒரு டெர்மினலில் ஓடவிடுங்கள். நொடிக்கொரு முறை புதுப்பித்துக் காட்டும்.

உங்கள் வரிகள் போசிக்ஸ் என்பதால் எண்ணை நம்பிப் போக முடிந்தது. வகைப் பத்தியில் எஃப்லாக் என்று வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த லாக் புராசஸைச் சேர்ந்ததல்ல, திறந்த ஃபைலைச் சேர்ந்தது. புராசஸ் தன் குழந்தையைப் பிறப்பித்தால் குழந்தை கையிலும் அது இருக்கும். இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் எஃப்லாக் போட்டு, பின்னணியில் ஏதோ ஒன்றைக் கிளப்பிவிட்டுத் தான் முடிந்துபோனாலும், பின்னணியில் கிளம்பியது லாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். மறுநாள் இரவு பேக்கப் ஓடாது. பட்டியலில் உள்ள எண்ணைத் தேடினால் அப்படி ஒரு புராசஸே இருக்காது. இந்த இடத்தில்தான் முன்னே சொன்ன ஃபியூசர் கோடு வி கை கொடுக்கும். ஸ்கிரிப்டில் எஃப்லாக் கட்டளைக்குக் கோடு ஓ கொடுத்தால் லாக் குழந்தைக்குப் போகாது.

கடைசியாக, லாக் என்ற பெயரோடு கிடக்கும் ஃபைல்கள். லிப்ரேஆஃபிஸ் ஒரு கணக்குத் தாளைத் திறந்தால் அதன் பக்கத்தில் மறைவாக ஒரு லாக் ஃபைல் வைக்கும். அது வெறும் அடையாளச் சீட்டு, எல்எஸ்லாக்ஸில் வராது. கரன்ட் போய் மெஷின் அணைந்தால் அது கிடந்துவிடும்; தாளை யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதியானால் தாராளமாக நீக்கலாம். உபுண்டு அப்டேட் நடக்கும்போது டிபிகேஜி (மென்பொருளை நிறுவும் புரோகிராம்) லாக் கிடைக்கவில்லை என்று வருவது நேர் எதிர்: அந்த ஃபைல் எப்போதும் இருக்கும், லாக் கெர்னலிடம் இருக்கிறது, ஃபைலை நீக்குவது தீர்வல்ல. பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், முடியட்டும் என்று விடுங்கள். உங்கள் டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு ஜர்னல் என்றோ வால் என்றோ முடியும் ஃபைல் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். பாதியில் நின்ற பில்லைச் சீர்செய்யத் தேவையான விவரம் அதில்தான் இருக்கிறது. அடுத்த முறை புரோகிராம் திறக்கும்போது எஸ்கியூலைட் அதைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதை நீக்கினால் டேட்டாபேஸே பாழாகலாம்.