வெள்ளைத் திட்டு என்றால் கேன்சரா?

கே: 30 வயது தாண்டியவர்களெல்லாம் கர்ப்பப்பை வாய் சோதனைக்கு வாங்க என்று நர்ஸம்மா கூப்பிடுகிறார். ஒரு தொந்தரவும் இல்லாத நான் எதற்குப் போகணும்? உள்ளே என்ன செய்வார்கள்?
- வாசகி, உசிலம்பட்டி

ப: தொந்தரவு இல்லாதபோதுதான் போகணும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். பெரும்பாலோருக்கு அது ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். தங்கிவிட்டால், செல்கள் மெல்ல மாறிப் புற்றாக 10 முதல் 20 வருடம் பிடிக்கும். அதுவரை வலியும் இருக்காது, ரத்தமும் படாது.

அந்த மாத விலக்கு முடிந்து, ரத்தம் படுவது நன்றாக நின்ற பிறகு போங்கள். முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். படுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்து, வெளிச்சம் காட்டிக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வயிற்றை இறுக்கிக்கொண்டால்தான் வலிக்கும். வாயைத் திறந்து மூச்சை விடுங்கள். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருப்பதையே, பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள். லேசாகச் சுரீரென்னும். பிறகு முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்கணும். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். அவசரப்பட்டு முன்னாலேயே பார்த்தால் திட்டு கண்ணில் படாமல் போகலாம், அதனால் "சீக்கிரம் முடிங்க" என்று நர்ஸை விரட்டாதீர்கள். திட்டு இல்லையென்றால் அடுத்த சோதனை 5 வருடம் கழித்து.

பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வு இது: 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை இந்தச் சோதனையும், தேவைப்பட்டால் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. கண்ணாலேயே பார்த்துச் சொல்கிற எளிய சோதனைக்கு இது பெரிய பலன்தான்.

கே: எனக்கு 'பாசிட்டிவ்' என்று சீட்டு கொடுத்து, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வீட்டில் கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.
- வாசகி, மேலூர்

ப: சீட்டு அப்படிச் சொல்லவில்லை. புண், அழற்சி இருந்தாலும் அந்த இடம் வெளுக்கும். மகளிர் நோய்ப் பிரிவில் கால்போஸ்கோப் என்ற கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மிளகளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றம்தான் என்றால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ, சூட்டால் கருக்கியோ, கம்பி வளையத்தால் வெட்டியோ எடுத்துவிடலாம். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்காது. உறைய வைத்தால் மூன்று நான்கு வாரம் தண்ணீர்போல் வடியும், அது சகஜம். ஒரு மாதம் தாம்பத்தியம் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், கட்டியாக ரத்தம் என்றால் உடனே திரும்பிப் போங்கள். ஒரு வருடத்தில் மறுசோதனை.

நிறையப் பேர் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். "அறுப்பு முடியட்டும், சாமி கும்பிடு முடியட்டும்" என்று சீட்டை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஒருநாள் கூலி போனாலும் இந்த வாரமே போங்கள். சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும்.

கே: அத்தைக்கு 58 வயது. "ஆபரேஷன் ஆனவளுக்கு எதுக்கு?" என்கிறார்கள்.
- வாசகி, திருமங்கலம்

ப: எந்த ஆபரேஷன் என்று கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். கருப்பை வாய் அப்படியே இருக்கும். கர்ப்பப்பையை எடுத்திருந்தால், வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். விலக்கு நின்றவர்களுக்குச் செல்கள் மாறும் பகுதி உள்ளே போய்விடுவதால் வினிகர் சோதனை ஏமாற்றலாம்; ஹெச்.பி.வி. சோதனையோ, கருப்பை வாயின் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ கேளுங்கள். விலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கே: 12 வயது மகளுக்குத் தடுப்பூசி போடலாமா?
- வாசகி, வாடிப்பட்டி

ப: போடுங்கள், இதுதான் சரியான வயது. 9 முதல் 14 வரை வழக்கமாக இரண்டு டோஸ், ஆறு மாத இடைவெளியில். ஒரு டோஸே போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. பிள்ளை பிறக்காது என்பது புரளி. ஊசி எல்லா வகை ஹெச்.பி.வி.யையும் தடுக்காது என்பதால், ஊசி போட்ட பெண்ணும் 30 வயதில் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.