செய்தியில் வரும் 'புரட்சிகரக் கண்டுபிடிப்பு' எதுவாவது சிங்கப்பூரில் நிஜமாகவே பயன்பாட்டுக்கு வந்திருக்கிறதா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருந்த விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கிராஃபீன் (ஓரணு தடிமனே உள்ள கார்பன் தாள்) சவ்வு கடல்நீரை வடிகட்டி நொடியில் குடிநீராக்கும் என்று பத்து வருடமாகச் செய்தி வருகிறது, ஒன்றையும் கண்ணால் காணவில்லை, பொறியியல் ஆராய்ச்சி என்பதே கட்டுரை எண்ணிக்கைக்குத்தானா, இதை நம்பிச் சிங்கப்பூருக்கு முதுகலை படிக்க வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் கெமிக்கலோ மெக்கானிக்கலோ கடைசி வருடம், வீட்டில் "பேசாம ஐடி வேலைக்குப் போ" என்கிறார்கள் என்று யூகிக்கிறேன். தவறென்றால் மன்னித்துவிடுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் முனைவர் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, நீர் சுத்திகரிப்பில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவன். இப்போது சோதனை ஆலைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த ஆலை, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். "டெக்னீஷியனுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். கிளம்பட்டும். ஆய்வகத்தில் பிறந்த சவ்வு ஆலைக்கு வந்து என்ன பாடுபடுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன் நான்தான்.

பயன்பாட்டுக்கு வந்திருக்கிறதா என்றால், வந்திருக்கிறது. ஆனால் செய்தி சொன்ன வேகத்தில் இல்லை, பெரும்பாலும் செய்தி சொன்ன உருவத்திலும் இல்லை.

எங்கள் ஊர்ப் புதுநீரையே (நியூவாட்டர்) எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து, நுண்வடிகட்டி, ஆர்ஓ சவ்வு (அழுத்தித் தள்ளினால் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் படலம்), புற ஊதா ஒளி என்று மூன்று கட்டம் தாண்டி வருவது. இன்று சிங்கப்பூரின் நீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை அதனால் ஈடுகட்ட முடியும். இதற்கு முதல் முயற்சி 1974இலேயே ஜூரோங்கில் நடந்தது. ஓராண்டு சொச்சம் ஓட்டிவிட்டு மூடிவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, அன்றைய சவ்வையும் நம்ப முடியவில்லை. அன்றைக்கு இந்தத் தளம் இருந்திருந்தால் "எல்லாம் கண்துடைப்பு" என்று யாராவது பதில் எழுதி, அதற்கு நூறு பேர் ஆதரவு வாக்கும் போட்டிருப்பார்கள்.

இடைப்பட்ட காலத்தில் சவ்வு மாறியது. 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பவரும் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த சவ்வுதான் ஆர்ஓவை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 70களில் ஜான் கடாட் என்பவர், தாங்குவதற்கு ஒரு அடுக்கு, அதன்மேல் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கில் மிக மெல்லிய படலம் என்று மாற்றினார். இன்று உலகம் முழுக்க ஓடுவது அதன் வாரிசுகள்தான். அப்புறம் 2000இல் பிடோக்கில் நாளைக்கு 10,000 கனமீட்டர் தரும் மாதிரி ஆலை, 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் முழு ஆலைகள். 2002 தேசிய தினத்தில் பிரதமர் கோ சோக் தோங்கும் கூட்டமும் புதுநீர்ப் பாட்டிலை உயர்த்திக் குடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, எங்கள் பாட்டி "அந்தத் தண்ணியையா?" என்று முகம் சுளித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜூரோங்கில் மூடியதற்கும் பிடோக்கில் திறந்ததற்கும் நடுவே கால் நூற்றாண்டுக்கு மேல். நீங்கள் பத்து வருடத்துக்கே சலித்துக்கொள்கிறீர்கள்.

சரி, கிராஃபீனுக்கு வருவோம். 2012இல் அமெரிக்காவின் எம்ஐடியில் கோஹன்-தனுகி, கிராஸ்மன் என்ற இருவர் கணினியில் கணக்குப் போட்டு, நுண்துளையிட்ட கிராஃபீன் இன்றைய சவ்வைவிடப் பல நூறு மடங்கு வேகமாக நீரை விடும் என்று காட்டினார்கள். செய்தியான செய்தி இதுதான். அதே இருவர் 2014இல் வேறு சிலரோடு சேர்ந்து இன்னொரு கணக்குப் போட்டார்கள். சவ்வு மூன்று மடங்கு தாராளமாக நீர் விட்டாலும் கடல்நீர் ஆலையில் மிச்சமாகும் மின்சாரம் சுமார் 15 விழுக்காடுதான் என்று வந்தது. இது எந்தச் செய்தியிலும் வந்து நான் பார்க்கவில்லை.

காரணம் எளிது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே, அதாவது உப்பு நீரைப் பிடித்து இழுக்கும் அழுத்தமே, ஏறக்குறைய 27 பார் (ஒரு பார் என்பது சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம்). அதில் பாதி நீரைப் பிரித்தெடுத்தால் மீதி உப்புநீரின் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். எந்தச் சவ்வைப் போட்டாலும் பம்பு அதைத் தாண்டித் தள்ளித்தான் ஆக வேண்டும். இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்சமே கனமீட்டருக்கு ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம். இங்குள்ள கடல்நீர் ஆலைகளுக்கு 3.5 யூனிட் அளவில் ஆகிறது, அதை 2க்குக் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே நீர் விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகம் வைத்திருக்கும் இலக்கு. அந்த இடைவெளியில்தான் ஆராய்ச்சி விளையாட முடியும். நூறு மடங்கெல்லாம் தலைப்பில் மட்டும்தான்.

நான் சொல்ல வந்த சம்பவம் இது. ஒரு முனைவர் பட்ட மாணவி, சீனாவிலிருந்து வந்தவர், புதுச் சவ்வு ஒன்றோடு எங்கள் சோதனை ஆலைக்கு வந்தார். ஆய்வகத்தில் உள்ளங்கை அகலத் துண்டில் சுத்தமான உப்புக்கரைசலை விட்டுப் பார்த்ததில், சந்தைச் சவ்வைவிட இரண்டு மடங்கு நீர். நல்ல பத்திரிகையில் கட்டுரையும் வந்துவிட்டது. (உப்புக்கரைசலில் மட்டும் சோதிப்பது, பெண் பார்க்கும் நாளில் மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்து முடிவெடுப்பது மாதிரி என்பது என் அபிப்பிராயம். அவரிடம் அப்போது சொல்லவில்லை.) அதே சவ்வை ஆலையில் பொருத்துகிற மாதிரி மடித்துச் சுற்றி 4 அங்குலச் சுருளாகச் செய்து கொண்டுவந்தார். பக்கத்து வெஸலில் (சுருளை வைக்கும் அழுத்தக் குழாய்) சாதாரணச் சந்தைச் சுருள். இரண்டுக்கும் ஒரே நீர், சுத்திகரித்த கழிவுநீர்.

முதல் வாரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வரைபடத்தில் அவருடைய சவ்வு தரும் நீரின் கோடு இரண்டு மடங்கு உயரத்தில். அப்புறம் இறங்க ஆரம்பித்தது. இரண்டாம் மாதம் இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. சிட்ரிக் அமிலம், காஸ்டிக் என்று மாற்றி மாற்றிக் கழுவினோம். ஏறும், மறுபடி இறங்கும். "அங்கிள், இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்பார். ஓட்டுவேன்.

கடைசியில் சுருளை வெளியே எடுத்து, மேலுறையை அறுத்துப் பிரித்தோம். நீளவாக்கில் வெட்டிப் படுக்கவைத்ததும், அடைத்து வைத்த சாக்கடை நாற்றம். சவ்வின் மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பு. எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை, கட்டம் கட்டமாக இருந்தது. சவ்வு மடிப்புகளுக்கு நடுவே நீர் ஓட இடம்விடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் வலை வைத்திருப்பார்கள். அந்த வலையின் நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் முடிச்சுகளுக்குப் பின்னால்தான் அழுக்கு தடித்துக் கிடந்தது. என் பர்ஸில் காலாவதியான ஈஸி-லிங்க் (பேருந்து, ரயில் கட்டண) அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அதை வைத்துச் சுரண்டி, முடிச்சு அழுக்கு ஒரு பாட்டிலிலும் முடிச்சில்லாத இடத்து அழுக்கு இன்னொரு பாட்டிலிலும் தனித்தனியாகக் கொடுத்தேன். "சவ்வை விடும்மா, முதலில் அடைப்பது வலைதான், அதைப் பார்" என்றேன்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. வலையில் அழுக்குச் சேர்வது ஆய்வுலகத்துக்கு எப்போதோ தெரிந்த விஷயம், முப்பரிமாண அச்சில் விதவிதமான வலைகள் செய்து பார்க்கிறார்கள். வேகமாக நீர் இழுக்கும் சவ்வு அழுக்கையும் வேகமாக இழுக்கும் என்பதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்றால் பாலிஅமைடு செத்துப்போகும், அதனால் அதைவிட வீரியம் குறைந்த குளோரமைனோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பதும் பழைய கதை. ஆனால் அவருடைய ஆய்வேட்டில் வலையைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் வந்தது. நன்றியுரையில் "ஆலை ஊழியர்களுக்கு" என்று பாதி வரி. அதைக்கூட விடுங்கள். படம் எடுக்கும் நாளில் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, புத்தம்புது ஹெல்மெட் போட்ட பேராசிரியரை வால்வைத் திருப்புவதுபோல் நிற்க வைத்தார்கள். அது நீரை வெளியே வடித்துவிடும் ட்ரெயின் வால்வு. நல்லவேளை, அவர் நிஜமாகத் திருப்பவில்லை.

உடனே "ஆராய்ச்சியாளர் மேல் பொறாமை" என்று எழுதிவிடாதீர்கள். எனக்குப் பிடித்த ஆராய்ச்சியும் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் பென் ஸ்டேட் முதலான இடங்களைச் சேர்ந்தவர்கள், சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முப்பரிமாணமாகப் பார்த்து, படலம் மெல்லியதா தடித்ததா என்பதைவிட அதன் அடர்த்தி ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று காட்டினார்கள். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 2023இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலிமெலெக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நீர் சவ்வுக்குள் கரைந்து ஊடுருவிப் போகிறது என்றுதான் எங்களுக்குப் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். இல்லை, அழுத்த வேறுபாட்டால் நுண்துளைகள் வழியாகத்தான் ஓடுகிறது என்கிறார்கள் இவர்கள். அரை நூற்றாண்டுப் பாடம் ஆட்டம் காண்கிறது! எங்கள் பம்புக்கு இந்தச் சண்டை தெரியாது, மறுநாளும் அதே அழுத்தத்தில்தான் ஓடியது.

உள்ளூரில் என்றால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அக்வாபோரின் சவ்வு. நம் உடல் செல்களில் நீரை மட்டும் உள்ளே விடும் புரதம் அது. அதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தைப் பாலிஅமைடு படலத்துக்குள் பதித்துக் காட்டிய கட்டுரை 2012இல் வந்தது. டென்மார்க் நிறுவனம் ஒன்று அக்வாபோரின் சவ்வுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஊர் முழுக்க ஓடும் பெரிய ஆலைகளில் இன்னும் பழைய பாலிஅமைடுதான், ஆனாலும் இதைக் கட்டுரையோடு நின்றுபோனது என்று சொல்ல முடியாது.

வேறு துறை வேண்டுமென்றால் தெங்கே நீர்த்தேக்கத்து மிதக்கும் சூரியப் பலகைகள். 2016இல் பத்து விதமான மிதவை அமைப்புகளை ஒரே நீரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எது தாங்குகிறது என்று பார்த்தார்கள். 2021இல் 45 ஹெக்டேரில் 60 மெகாவாட். நீர்மேல் சூடு குறைவு என்பதால் கூரைப் பலகையைவிட மின்சாரமும் கூடுதல். பறவை எச்சம் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் விடை தேட வேண்டியிருந்திருக்கும். பெருமைப்பட வேண்டியது அந்தப் பத்து அமைப்புச் சோதனைதான், திறப்பு விழா இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அத்தை மகன் வீட்டில் போன தீபாவளிக்குப் புதிதாக 'ஆல்கலைன்' தண்ணீர் இயந்திரம். விலை ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி, தவணையில். இந்த ஊர்க் குழாய்நீரை அப்படியே குடிக்கலாம், உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டதுதான். நீங்கள் குடிக்கும் காரத்தண்ணீரை வயிற்று அமிலம் ஒரு நிமிடத்தில் சரிக்கட்டிவிடும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரோடு மாரடிப்பவன் நான் சொன்னால் "உனக்கென்ன மச்சான் தெரியும், டாக்டரே யூடியூபில் சொல்றார்" என்கிறான். குடும்ப வாட்ஸ்அப்பில் இப்போது அந்த இயந்திரத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள். என் மனைவியே விலை கேட்டாள். ஆராய்ச்சி மக்களைச் சென்றடையவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் இதற்கும் ஒரு ஆய்வு நடத்தலாம்.

சரி, படிக்க வரலாமா? வாருங்கள். பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்து மட்டும் வராதீர்கள். சேர நினைக்கும் குழுவின் கட்டுரைகளில் மூன்று நான்கை எடுத்து, சோதித்தது எந்த நீர், எத்தனை நாள் என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். உப்புக்கரைசல், சில மணி நேரம் என்று மட்டுமே இருந்தால் அது ஒரு வகை வேலை, தப்பில்லை, உங்களுக்குப் பொருள் அறிவியல் பிடித்திருந்தால் அங்கே போங்கள். ஆலை நீர், மாதக்கணக்கு என்று இருந்தால் அது வேறு வகை, கட்டுரை குறைவாக வரும், உடையில் வாடை இருக்கும். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது, மாணவர்களுக்கு ஆலையில் சோதனை நடத்த இடம் கிடைக்குமா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உதவித்தொகை, விசா விவரமெல்லாம் எனக்குத் தெரியாது, அதற்கு இந்தக் கேள்வியிலேயே வேறு இரண்டு பேர் நன்றாக எழுதியிருக்கிறார்கள்.