கடலோரத்தில் இரும்புச்சட்ட வீடு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீங்கள் கட்டடப் பொறியாளராகப் பணியாற்றியவர் என்பதால் இதைக் கேட்கிறேன். கடலூரில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், எங்களுக்கு மூன்று சென்ட் மனை இருக்கிறது. அங்கே வீடு கட்ட எண்ணியபோது ஒரு நிறுவனத்தார் அணுகினார்கள். இரும்புச் சட்டங்களால் ஆயிரம் சதுர அடி வீட்டை அறுபது நாளில் முடித்துத் தருவதாகவும், கரையான் பயம் இல்லை, துருப்பிடிக்காது, நூறு வருடம் நிற்கும் என்றும் சொல்கிறார்கள். அப்பாவோ, "தகரக் கொட்டகைக்கா இவ்வளவு பணம்? கான்கிரீட் போடு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுச் சொல்வீர்களா?

ஆர்., கடலூர்

அன்புள்ள ஆர்.,

இரும்புச்சட்ட வீடு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விலைபோகின்றன. ஐ பீம்களையும் பெட்டிக் குழாய்களையும் தூணாகவும் உத்தரமாகவும் நிறுத்தி, இடையில் செங்கல்லோ ஏ.ஏ.சி. பிளாக்கோ (நுண்துளைகள் கொண்ட இலேசான கான்கிரீட் கல்) வைத்துக் கட்டி, மேலே டெக் ஷீட் என்னும் மடிப்புத் தகட்டை விரித்துக் கான்கிரீட் போடுவது ஒரு வகை. உங்களிடம் பேசியவர்கள் விற்பது அநேகமாக மற்ற வகை: ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனே உள்ள, துத்தநாகம் பூசிய தகட்டைச் 'சி' வடிவில் மடித்து, நெருக்கமாக நிறுத்தி, திருகாணிகளால் பிணைத்து, இருபுறமும் சிமென்ட் போர்டோ ஜிப்சம் போர்டோ அறைந்து மூடிவிடுவது. உங்கள் அப்பா இதைத் தகரக் கொட்டகை என்பது நியாயமில்லை. ஒவ்வொரு சட்டத்துக்கும் கணக்குப் போட்டு, தொழிற்சாலையில் அளவாக வெட்டித் துளையிட்டு வருகிற பொருள் அது.

இதன் பெரிய நன்மை எடை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ இருக்கும். இந்தச் சுவர் 50 கிலோவை ஒட்டியே நிற்கும். அஸ்திவாரம் சிறிதாகிறது. நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மேல் வரும் விசை அதன் எடையைப் பொறுத்தது என்பதால், மத்திய அரசு 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் அடிக்கல் நாட்டிய, புதிய கட்டுமான முறைகளுக்கான லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில், நில அதிர்வு அபாயம் மிகுந்த அகர்தலாவில் இந்த முறையைக் கையாண்டதில் பொருத்தம் இருக்கிறது. அதே திட்டத்தில் சென்னை பெரும்பாக்கத்தில் எழுந்த 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் கான்கிரீட்டால் ஆனவை.

கடலூரில் நீங்கள் அஞ்ச வேண்டியது பூமியைவிடக் காற்றுக்குத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊரை என்ன செய்தது என்று அப்பாவுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு இந்தியத் தர விதி குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். உங்கள் ஊருக்கும் அதையே வைத்துக் கணக்கிட்டால், சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற அளவில் காற்றழுத்தம் வருகிறது, அது கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சவே பார்க்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும். இலேசான கூரையைப் பிடித்து வைத்தாக வேண்டும்: கூரையைச் சுவர்ச் சட்டத்தோடும், சட்டத்தை அடிச்சேனலோடும் (சட்டங்களின் கால்கள் பொருந்தும் கிடைத் தகடு), அடிச்சேனலை அஸ்திவாரத்தோடும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவற்றின் வலிமையால் பயனில்லை. ஆகவே வண்ணப் படங்களை ஒதுக்கிவிட்டு, அடிச்சேனலை அஸ்திவாரத்தில் பிணைக்கும் ஆங்கர் போல்ட்டின் விட்டம், ஆழம், இடைவெளி ஆகியவை குறிக்கப்பட்ட வரைபடத்தை, பொறியாளர் கையொப்பத்தோடு கேளுங்கள்.

துருப்பிடிக்காது என்று அவர்கள் சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இத்தகைய தகடுகளில் பெரும்பாலும் காணப்படும் பூச்சு, சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம். அது இரு பக்கத்தையும் சேர்த்த கணக்கு. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. உலர்ந்த சுவருக்குள் இது நெடுநாள் காக்கும். உப்புக் காற்று படும் இடத்தில் வேகமாகக் கரையும். தொழிற்சாலையிலிருந்து நன்றாக வந்த சட்டத்தைக் களத்தில் "கால் அங்குலம் இடிக்கிறது" என்று கிரைண்டரால் அறுப்பார்கள். அறுத்த விளிம்பில் பூச்சு தீய்ந்துவிடும், பறந்த பொறிகள் பக்கத்துச் சட்டத்தில் ஒட்டி அங்கும் துருப் புள்ளிகளாகும். பற்றவைத்தாலும் அப்படித்தான், கசடைத் தட்டாமலேயே ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்புப் பூச்சைப் பூசிவிட்டுப் போவது நம் பட்டறைகளில் சாதாரணம். திருகாணியில் மிச்சம்பிடித்தவர்கள் இருக்கிறார்கள். போர்டை அறைந்து பெயிண்ட் அடித்த பிறகு இவற்றில் எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்று, நாம் வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றுகிற தண்ணீர் சுவரடியில் கசிந்து, சட்டங்கள் எல்லாம் நிற்கிற அந்த அடிச்சேனலில் தேங்கும். உங்கள் ஊரில் 2015 நவம்பரில் வந்ததுபோல வெள்ளம் புகுந்தால் சேறும் சேர்ந்து தங்கும். அடிச்சேனலைத் தரைமட்டத்தில் வைக்காமல், அரையடியாவது உயர்ந்த கான்கிரீட் திண்டின் மேல் வைக்க வேண்டும். இதைச் செய்யச் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இனி அப்பாவின் கட்சி. கான்கிரீட் வீடும் உள்ளே இரும்பை மறைத்து வைத்திருக்கிற வீடுதான். சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது. உப்பு உள்ளே இறங்கியதும் அந்தக் காப்பு உடைகிறது. துரு பருத்து, தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து, கம்பி பல்லிளிப்பதைக் கடலோரத்துப் பழைய குடியிருப்புகளில் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். கடலோரச் சூழலுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனமும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் நம் மேஸ்திரிகள் வைப்பதோ கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டு. அப்படிப் போட்ட கான்கிரீட், ஒழுங்காகக் கட்டிய இரும்புச்சட்டத்தைவிட மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரும்பு கடலோரத்தில் நிற்காது என்பதும் சரியல்ல. 1914இல் திறந்த பாம்பன் பாலம், 1964 புயலில் பெருஞ்சேதம் அடைந்தும் சீர்செய்யப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயில்களைச் சுமந்தது. அதன் இரும்பு முழுக்க வெளியே தெரிவது. சுரண்டலாம், பெயிண்ட் அடிக்கலாம், கெட்ட துண்டைக் கழற்றி மாற்றலாம். உங்கள் முடிவும் இதையே ஒட்டியிருக்கட்டும் என்பது என் எண்ணம்: இரும்பு என்றால், எட்டிப் பார்த்துப் பராமரிக்கத்தக்க இரும்பு.

மற்றவை சிறியவை. கரையான் தொல்லை இல்லாதது உண்மை. ஆனால் எலிக்குப் போர்டுச் சுவரின் உட்குழிவு சொகுசான இடம். வீட்டுக்குள் வெப்பம், சுவருக்குள் ராக்வூல் (வெப்பத்தைத் தடுக்கும் கல் நார்) வைப்பார்களா மாட்டார்களா என்பதைப் பொறுத்தது. தீப்பிடித்து 550 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பின் வலிமை ஏறக்குறைய பாதியாகும், மெல்லிய தகடு அதை விரைவில் எட்டும். ஆகவே சமையலறையில் தீத்தாங்கும் போர்டை இரட்டையாக அடிப்பதில் சிக்கனம் கூடாது. ஊஞ்சல், கீஸர், ஏ.சி. யூனிட் எங்கே வரும் என்று முன்பே சொல்லி உள்ளே கூடுதல் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. அறுபது நாள் என்பது கூடு எழுந்து நிற்கும் கணக்காக இருக்கலாம். டைல்ஸ்காரரும் எலக்ட்ரீஷியனும் எந்த வீட்டிலும் தங்கள் வேகத்தில்தான் வருவார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், தரைத்தளத்தை விதிப்படியான கவரோடு கான்கிரீட்டில் கட்டி, எம்30 கலவையை ரெடிமிக்ஸ் ஆலையிலிருந்து எடுப்பேன். பின்னாளில் மாடி தேவைப்பட்டால் அதை மட்டும், ஹாட் டிப் முறையில், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த கனமான சட்டங்களால், இணைப்புகள் வெளியே தெரியும்படி எழுப்புவேன். தரைத்தளமே இரும்பில்தான் வேண்டும் என்றால் ஐ பீம் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், இரும்பு எஃகுக் கூட்டமைப்பின் முயற்சியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எஃகுச்சட்ட வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்; ஆனாலும் வழக்கமல்லாத கட்டுமானம் என்று சொல்லிக் கடன் தரத் தயங்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. நீங்கள் வீட்டுக் கடன் வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த வரைபடத்தோடு வங்கிக்குப் போய், அவர்களுடைய மதிப்பீட்டாளர் இந்த வகை வீட்டுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் போடுவார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.