மோட்டார் நின்றதும் குழாயில் கேட்கும் இடி

கேள்வி: 600 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் வழியாக, 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு நீர் ஏற்றுகிறோம். மோட்டார் நின்ற ஓரிரு வினாடிகளில், நீரைப் பின்னோக்கித் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கும் இடத்தில் சம்மட்டியால் அடித்தது போன்ற சத்தம் எழுகிறது. மோட்டாரை மெல்ல இயக்கி மெல்ல நிறுத்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்திய பின், நாங்களாக நிறுத்தும்போது சத்தம் குறைந்துவிட்டது. மின்சாரம் தடைபட்டால் மட்டும் பழையபடியே இடிக்கிறது. குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஃபிளாஞ்ச் கேஸ்கெட் இருமுறை பிய்ந்துவிட்டது. தடிமனான கேஸ்கெட் போடலாமா?

பதில்: கேஸ்கெட்டை மாற்றிப் பயனில்லை, அடி அப்படியே இருக்க, அடுத்துப் பலவீனமான இணைப்பு விட்டுப்போகும். மோட்டாரை மெல்ல நிறுத்த சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே மின்தடையின்போது அது உதவ வழியில்லை.

பம்ப் நின்றதும், மேலேறிக்கொண்டிருந்த நீர் வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பின் பம்ப்பை நோக்கித் திரும்புகிறது. உங்களுடையது கீலில் தகடு தொங்கும் சாதாரண வால்வு என்றால், அந்தத் தகடு முழு வளைவையும் கடந்து வந்து மூடுவதற்குள் நீர் பின்னோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த ஓட்டமே தகட்டை அறைந்து சாத்துகிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். இரும்புக் குழாயில் அழுத்த அலை வினாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் பாய்வதால், நீரோட்டம் வினாடிக்கு 1 மீட்டர் அளவு திடீரென மாறினாலே அழுத்தம் ஏறத்தாழ 12 பார் (ஒரு பார் என்பது சுமார் 10 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம்) எகிறும். ரஷ்ய அறிஞர் ஜூக்கோவ்ஸ்கி 1890களின் இறுதியில் மாஸ்கோவின் நீர்க்குழாய்களில் சோதித்து நிறுவிய கணக்கு இது. உங்கள் குழாயில் பின்னோட்டம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தை எட்டித் தடைபட்டால்கூட, தொட்டியின் உயரத்தால் ஏற்கெனவே உள்ள 4 பாருடன் 6 பார் சேர்ந்து, கேஸ்கெட்டின் மீது 10 பார் மோதும்.

ஆகவே முதலில் வால்வை மாற்றுங்கள். ஸ்பிரிங் பொருத்திய, தட்டு சிறிது தூரமே நகரும் வகை, நீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும். பலர் வால்வை விட்டுவிட்டு, அதன் அருகே, அழுத்த அடியைத் தாங்க உள்ளே காற்றும் நீரும் அடைத்த காற்றுக் கலனை மட்டும் வைத்துவிடுகிறார்கள். கலனில் அழுத்தத்துடன் இருக்கும் நீர் உடனே பின்னோக்கித் தள்ளுவதால், பழைய வால்வு முன்னிலும் பலமாக அறையும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புதிய வால்வு வைத்த பிறகும் அழுத்தமானியின் முள் துள்ளினால், குழாய்த் தடத்தில் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வெற்றிடம் உண்டாகி, நீர்த்தம்பம் அறுந்து, மீண்டும் மோதிச் சேரும்போதும் இதே இடி கேட்கும். அந்நிலையில் காற்றுக் கலனும், மேட்டில் காற்றை விரைவாக உள்ளிழுத்து மெதுவாக வெளியேற்றும் ஏர் வால்வும் தேவைப்படும். ரப்பர்ப் பை இல்லாத கலனில் காற்று சிறிது சிறிதாக நீரில் கரைந்துவிடும் என்பதால், அதன் நீர்மட்டத்தை அவ்வப்போது பார்த்துக் காற்றை நிரப்ப வேண்டும்.