வீடியோ கேம் உருவாக்கும் செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கணினிகள் வேகமாகிவிட்டபோது செலவு குறையத்தானே வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பணத்தில் பெரும்பங்கு கருவிகளுக்கு அல்ல, சம்பளத்துக்குப் போகிறது. 1993-இல் வந்த 'டூம்' விளையாட்டை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே செய்து முடித்தார்கள். 2020-இல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-க்கு உச்சக்கட்டத்தில் சுமார் 200 பேர், செலவு ஏறக்குறைய 22 கோடி டாலர். (2023-இல் நீதிமன்ற ஆவணத்தில் இந்த எண்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள், மை சரியாக மறைக்காததால் அவை வெளியே தெரிந்துவிட்டன!)

அன்று விளையாட்டில் ஒரு கதவு என்றால் ஒரு சிறு படம். இன்றோ கீல், கீறல், வெளிச்சம் படும் விதம், திறக்கும் ஓசை, பிடிக்கும் விரல்களின் அசைவு என எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒரு மாதம் தாமதமானால் அத்தனை பேருக்கும் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம். விளம்பரம் தனிக்கணக்கு.