கேட்டர்ஹாம் செவனில் கியர் விழவில்லையா? கேள்வி பதில்

காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் உரிமையை 1973-இல் கேட்டர்ஹாம் வாங்கியது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் அந்தக் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டு கராஜிலேயே பூட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. எடை குறைவான சின்னக் கார் இது. பழைய வண்டிகள் பலவற்றில் ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 ஐந்து கியர் பெட்டி இருக்கும், பிந்தைய சிலவற்றில் மாஸ்டா எம்எக்ஸ்-5 பெட்டி. கியர் இறுக்கம் பற்றி இங்கிலாந்தில் செவன் வைத்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

கேள்வி: அண்ணா, என் செவனில் டைப் 9 பெட்டி. எல்லா கியரும் இறுக்கமாக இருக்கிறது. பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரியா?

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, ஐந்து கியரையும் ரிவர்ஸையும் மெதுவாகப் போட்டுப் பாருங்கள். நிற்கும் காரில் ஒரு கியர் விழாமல் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். அப்படியானால் நியூட்ரலில் காரை ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள்.

அணைத்த நிலையில் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான். அணைத்த நிலையிலும் இறுகினால் லீவர், அதன் அடியிலுள்ள புஷ், உள்ளே இருக்கும் செலக்டர் தண்டு ஆகியவற்றைப் பாருங்கள். லீவர், பெட்டியை மூடியிருக்கும் கூடான டனலின் தோல் உறையிலோ ஓட்டை விளிம்பிலோ இடிக்கிறதா என்றும் பாருங்கள். செவனின் டனல் ரொம்பக் குறுகல், வீட்டில் பூட்டிய வண்டிகளில் இது சகஜம். இதெல்லாம் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. செவனில் பெரும்பாலும் எஞ்சினோடு சேர்த்துத்தான் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும், அது ஒரு நாள் வேலை.

கேள்வி: எஞ்சின் ஓடும்போதுதான் தொல்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது.

நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது கியர் விழுமுன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு, இல்லை. அவ்வளவு நேரம் கழித்தும் அரைத்தால், கிளட்சிலிருந்து பெட்டிக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது கிளட்ச் முழுசாக விடவில்லை.

கேபிள் கிளட்ச் என்றால் கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். பெடலை ஒருவர் மிதிக்க, கிளட்ச் ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்று இன்னொருவர் கவனிக்கட்டும். பெடல் பெட்டியின் தகடே வளைந்து கொடுத்தால் உங்கள் மிதி பாதி அங்கேயே வீணாகிவிடும். ஹைட்ராலிக் என்றால், பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததும் கியர் லேசாக விழுகிறதா பாருங்கள். விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, பிளீட் செய்து அதை வெளியேற்ற வேண்டும்.

இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் அரைத்தால் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் ஸ்பிகாட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இன்புட் ஷாஃப்டின் மூக்கு அதற்குள்தான் உட்காருகிறது. அது இறுகிப்போனால் கிளட்ச் விட்ட பிறகும் கிராங்க் அந்த இன்புட் ஷாஃப்டை இழுத்துக்கொண்டே சுற்றும். மலிவான பேரிங்தான், ஆனால் அதை எட்ட எஞ்சினையும் பெட்டியையும் பிரித்தே ஆக வேண்டும். அதனால்தான் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்தேன். இப்போது எந்தக் கியரும் விழவில்லை.

கிளட்ச் பிளேட் துருவில் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும், அல்லது ஷாஃப்டின் பற்பள்ளங்களான ஸ்ப்ளைனில் நகராமல் நிற்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளியில் மூன்றாவது கியர் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஒரு கணம் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். காரின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி: ஜிஎல்-5 ஆயில் ஊற்றினேன், “உயர்ந்த தரம்” என்று கடையில் சொன்னார்கள். அதிலிருந்து இறுக்கம்.

எண் கூடினால் தரம் கூடியது என்று நினைப்பதால் வரும் வினை இது. ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகையைக் குறிக்கும். ஜிஎல்-5 முக்கியமாகப் பின் ஆக்ஸிலின் ஹைபாய்ட் பற்களுக்கானது. சின்க்ரோவின் பித்தளை வளையத்தை உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், மெல்லிய மரை போன்ற கோடுகள் தட்டுப்படும். அந்தக் கோடுகள் ஆயில் படலத்தை வெட்டி, எஃகுக் கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் பிடிப்பு தாமதமாகும், உங்கள் கைக்கு அது இறுக்கமாகத் தெரியும். தவிர ஜிஎல்-5-இல் கந்தகச் சேர்மங்கள் அதிகம். சில ஆயில்களில் அவை சூட்டில் பித்தளையை அரிக்கும்.

டைப் 9-க்கு ஜிஎல்-4, 75டபிள்யூ-90 செமி சிந்தெடிக் ஊற்றுங்கள். 80டபிள்யூ ஆயில் மைனஸ் 26 டிகிரி வரைக்கும், 75டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கெட்டியாகக் கூடாது என்பது தர விதி. இங்கிலாந்தில் அவ்வளவு குளிர் இல்லைதான், ஆனால் ஜனவரிக் காலையில் முதல் ஒரு மைலில் வித்தியாசம் கைக்குத் தெரியும். பல டைப் 9 பெட்டிகளில் ட்ரெயின் பிளக் கிடையாது. பக்கவாட்டு ஓட்டை வழியாகச் சிரிஞ்சில் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். ஊற்றுவதற்கு கியர் லீவரைக் கழற்றி மேலிருந்தே ஊற்றலாம்.

கேள்வி: இரண்டாவது மட்டும்தான் இறுகுகிறது, அதுவும் வேகமாக மாற்றும்போது.

டைப் 9-இன் விகிதங்களைப் பாருங்கள்: முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. முதலில் 6000 சுற்றில் மாற்றினால் இரண்டாவதுக்குச் சுமார் 3240-க்கு இறங்க வேண்டும். கிளட்ச் பிளேட், இன்புட் ஷாஃப்ட், பெட்டிக்குள் துணைத் தண்டாகச் சுற்றும் லே ஷாஃப்ட் எல்லாவற்றின் வேகத்தையும் சின்க்ரோவின் அந்த ஒரு பித்தளை வளையம்தான் இழுத்துக் குறைக்கிறது. சியராவில் குடும்பத்தோடு போகிறவர் 3000-இல் மாற்றுவார் என்று எண்ணிச் செய்த பெட்டி அது. லீவரை நியூட்ரலில் ஒரு கணம் தங்கவிட்டு மாற்றுங்கள், நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதிக்கும் டபுள் கிளட்ச் செய்தால் இன்னும் நல்லது. சூடான பிறகு நிதானமாகப் போட்டாலும் அரைத்தால் வளையம் தேய்ந்துவிட்டது. அப்போது பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

கேள்வி: குட்டை லீவர் மாட்டினேன், இறுகிவிட்டது.

நெம்புகோல் கணக்குதான். கை நகரும் தூரம் பாதியானால் தேவைப்படும் பலம் இரட்டிப்பு. பெட்டியில் குறை இல்லை.

கேள்வி: மாஸ்டா பெட்டி. லீவரே சேற்றில் நிற்பது போல நகர்கிறது.

லீவர் உட்காரும் டரட்டுக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு, பெட்டி ஆயிலை மாற்றினாலும் அது மாறாது. லீவரைக் கழற்றி, பழையதை உறிஞ்சி எடுத்து, புது ஆயில் விடுங்கள். அடிமுனை நைலான் புஷ்ஷும் ரப்பர் உறையும் கிழிந்திருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். காலைக் குளிரில் இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடிப்பது இந்தப் பெட்டிக்கு வழக்கம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: பழைய ஃபோர்டு கேப்ரி 2.8 காரின் டைப் 9 கிடைத்தது. நாலு சிலிண்டர் எஞ்சினோடு ஒட்டி உட்காரவில்லை, போல்ட்டை இறுக்கி இழுத்துவிட்டேன். இப்போது கியர் கல் மாதிரி.

உடனே தளர்த்துங்கள், எஞ்சினை ஓட்ட வேண்டாம். வி6 எஞ்சினோடு வந்த பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் நீளம் அதிகம். அதன் மூக்கு இப்போது கிராங்கில் முட்டிக்கொண்டிருக்கிறது. சரியான நீளமுள்ள ஷாஃப்ட் போடுங்கள், அல்லது பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கை அதற்கேற்றபடி தேடுங்கள். பெட்டியை எஞ்சினோடு நேராக நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாமல் பூட்டினால் பெட்டி கிராங்கின் மையத்திலிருந்து விலகி, ஸ்பிகாட் பேரிங்கைத் தின்றுவிடும். எந்தப் பெட்டியும் கை பலத்தில் முழுக்க ஒட்டி உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும்.

கேள்வி: இறுக்கத்தோடு நியூட்ரலில் இரைச்சலும் உண்டு. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. நாலாவது கியரில் சத்தம் குறைவு.

உங்களுக்கு மட்டும் பெட்டியைப் பிரிக்கச் சொல்கிறேன். நாலாவது நேரடி கியர், அதில் லே ஷாஃப்ட் மேல் சுமை விழாது. அங்கே சத்தம் குறைந்தால் லே ஷாஃப்ட் பேரிங் போய்விட்டது என்று பொருள், டைப் 9-இல் பலவீனமான இடமே அதுதான். ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பொன்னிறத் தூள் வந்தால் சின்க்ரோ தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் செதில் வந்தால் இனி ஓட்டாதீர்கள், ட்ரெய்லரில் ஏற்றியே கொண்டுபோங்கள்.